சமூக ஒப்பந்தம்: ‘ஒப்பு’ என்ற அடியிலிருந்து ஒரு விளக்கம்

ஒப்பந்தம் என்றதும் நம் கண்முன் வருவது முத்திரைத்தாள்தான். 11 மாத வாடகைக்கு இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு இரண்டு பேரைப் பிடித்து எழுதுகிறோமே, அது. சமூக ஒப்பந்தத்துக்குத் தாளும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஆளும் அதிகாரம் கடவுள் கொடுத்ததல்ல, சேர்ந்து வாழ இசைந்த மனிதர்களிடமிருந்து பிறந்தது என்ற கருத்துக்கு வைத்த பெயர் அது.

‘கான்ட்ராக்ட்’ லத்தீன் வழி வந்த சொல். அதன் வேருக்குச் சேர்த்து இழுப்பது என்று பொருள். 1762இல் அரசியல் சிந்தனையாளர் ரூசோ பிரெஞ்சு மொழியில் தம் நூலுக்குச் ‘சமூக ஒப்பந்தம்’ என்று தலைப்பு வைத்த பிறகுதான் இந்தத் தொடர் உலகமெங்கும் நிலைத்தது. அவருக்கு முன் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஹாப்ஸ் விரும்பி ஆண்ட சொல் ‘கவனன்ட்’. தமிழ் விவிலியத்தில் அதற்கு உடன்படிக்கை என்று இருக்கிறது. இன்னொரு ஆங்கிலேயச் சிந்தனையாளர் லாக் ‘காம்பாக்ட்’ என்றார்.

தமிழில் ‘ஒப்பு’ என்ற அடி வளமானது. ஒப்படைத்தல், ஒப்புதல், சமம் என்ற பொருளில் வரும் ஒப்பு ஆகிய மூன்றும் அதிலிருந்து வருபவை. இந்த மூன்று அறிஞர்களின் வேறுபாட்டை இந்த மூன்று சொற்களே காட்டிவிடுகின்றன என்பது என் எண்ணம்.

ஹாப்ஸ் சொன்னது ஒப்படைப்பு. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரையும், 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டதையும் கண்ட தலைமுறை அவருடையது. 1651இல் வந்த அவரது ‘லெவியதான்’ நூலின் முகப்புப் படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மலைகளுக்கு மேல் முடிசூடிய ஒரு பேருருவம், வலக்கையில் வாள். அதன் மார்பும் கைகளும் நூற்றுக்கணக்கான குட்டி மனிதர்களால் ஆனவை. எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரசனையே நோக்கி நிற்கிறார்கள். அச்சத்தில் தங்கள் உரிமையை ஒப்படைத்துவிட்டவர்கள் அவர்கள். அரசன் அந்த உடன்படிக்கையில் ஒரு தரப்பே இல்லை; அதனால் அவன் அதை மீறினான் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. புரட்சிக்கு இங்கே வழியில்லை.

லாக் சொன்னது ஒப்புதல். மக்கள் தங்களுக்குள் இசைந்து சமூகமாகிறார்கள். ஆட்சியாளர் அவர்களுக்கு டிரஸ்டி மாதிரி. உயிர், விடுதலை, சொத்து ஆகியவற்றைக் காக்கத் தவறினால் மக்கள் ஆட்சியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 1776 ஜூலை 4 அன்று அமெரிக்கக் குடியேற்றங்கள் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், ஆளப்படுவோரின் ஒப்புதலிலிருந்தே அரசுகள் நியாயமான அதிகாரம் பெறுகின்றன என்கிறது. அது லாக்கின் குரலேதான்.

ரூசோ சொன்னது ஒப்பு, அதாவது சமம். ஒவ்வொருவரும் தம்மை முழுவதுமாகச் சமூகத்துக்கே கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே அளவில் கொடுப்பதால் யாரும் யாருக்கும் அடிமையில்லை. சட்டம் என்பது பொது விருப்பத்தின், அதாவது எல்லோருக்கும் பொதுவான நன்மையை நாடும் விருப்பத்தின், வெளிப்பாடு என்று 1789 பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் 6ஆம் பிரிவு சொல்வது இங்கிருந்து வந்தது. ஆனால் பொது விருப்பத்துக்குப் பணியாதவரைச் ‘சுதந்திரமாக இருக்கக் கட்டாயப்படுத்தலாம்’ என்றும் ரூசோ எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, 1793-94இல், தலை வெட்டும் கருவியான கில்லட்டின் ஓயாமல் இயங்கியபோது ஆட்சியில் இருந்த ரோபஸ்பியர் அவரைப் போற்றியவர். பழியை ஒரு நூலின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் அந்த வரி என்னை உறுத்துகிறது.

சரி, தமிழில் எதை எழுதுவது? சமூக ஒப்பந்தம், சமுதாய ஒப்பந்தம் இரண்டும் வழக்கில் உள்ளன. தனித்தமிழ் நாடுவோர் குமுகாய ஒப்பந்தம் என்பார்கள். பேச்சில் ‘எங்க சமூகம்’ என்றால் சாதி என்று ஆகிவிட்டதால், மாணவர்களுக்குச் சொல்லும்போது இது எல்லா மக்களையும் குறிக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்ப்பது நல்லது. அப்புறம், இதை ‘அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான ஒப்பந்தம்’ என்று விரித்து எழுதுகிறார்கள். 1689இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இரண்டாம் ஜேம்ஸ் மேல் சுமத்திய குற்றத்துக்கு அது பொருந்தும். மன்னருக்கும் மக்களுக்கும் இடையிலான மூல ஒப்பந்தத்தை அவர் முறித்தார் என்றுதான் அங்கே தீர்மானம் போட்டார்கள். ஆனால் இந்த மூவரும் சொன்னது மக்கள் தங்களுக்குள்ளேயே செய்துகொண்ட ஒப்பந்தம். அரசு அதற்குப் பிறகு வந்தது.