சிப் இருந்துச்சு, போன் நம்பர் தான் செத்துப் போச்சு

2022 மார்ச்ல, உக்ரைன்ல எம்பிபிஎஸ் படிச்சிட்டு இருந்த தம்பி ஒருத்தன் ஸ்வெட்டருக்குள்ள ஒரு பூனையைச் சுத்தி கிளினிக்குக்குத் தூக்கிட்டு வந்தான். கார்கிவ்ல பக்கத்து பிளாட் அம்மா ரெண்டு நாள் பாத்துக்கோன்னு குடுத்துட்டு வெளியூர் போனவங்க, பிப்ரவரி 24 குண்டு விழ ஆரம்பிச்சதும் திரும்பவே முடியல, இவனும் விட்டுட்டு வர மனசில்லாம பார்டர் தாண்டி கொண்டு வந்துட்டான். (அப்போ நம்ம அரசாங்கம் இதுக்குன்னு விதியைத் தளர்த்துனதால தான் உள்ளயே விட்டாங்க.)

வளர்ப்புப் பிராணிக்கு அடையாளத்துக்காகத் தோலுக்கடியில போடுற மைக்ரோசிப் இருக்கான்னு பாக்க ஸ்கேனரைக் கழுத்துல வச்சேன், ஒண்ணும் இல்ல. சிப் சில சமயம் தோலுக்கடியில நகந்துடும், அதனால தோள்பட்டை, முன்னங்கால்னு மெதுவா கொண்டு போனேன், இடது தோளுக்குக் கீழ பீப்! 15 இலக்கம், ஆரம்பம் 804, அது உக்ரைன் கோடு.

"அவங்க எங்க இருக்காங்கன்னு இதுல காட்டுமா டாக்டர்?"

காட்டாதுப்பா. இங்க சிப் போட வர்றவங்களும் இதையே தான் கேக்குறாங்க. அரிசி சைஸ் சாமான், பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது, ஸ்கேனர் கிட்ட வந்தா தன் நம்பரைச் சொல்லும், அவ்ளோதான். சிப் பதிவேட்டுல அந்த நம்பரோட எந்த போன் நம்பரைப் பதிஞ்சிருக்கீங்களோ அது தான் உயிர். இந்த அம்மா பதிஞ்சது பழைய நம்பர், ஸ்விட்ச் ஆஃப். நீங்க சிம் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?

கடைசில தம்பி அந்த அபார்ட்மென்ட் டெலிகிராம் குரூப்ல போட்டோ போட்டான். 2015ல மொசூல்ல இருந்து தப்பிச்ச குடும்பம் லெஸ்போஸ் தீவுல தொலைச்ச குங்குஷ்ங்கிற பூனையும் இப்படி போட்டோ பரவித் தான் அடுத்த வருஷம் நார்வேல அவங்ககிட்ட போய் சேர்ந்துச்சு. ஆனா இங்க என் பூனைன்னு ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் போலந்துல இருந்து தடுப்பூசி புக்ல ஒட்டியிருந்த சிப் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்புனாங்க, 15 இலக்கமும் அப்படியே ஒத்துப் போச்சு. அந்த ஸ்டிக்கரை இப்பவே உங்க போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க.

உடனே அனுப்பிடலாம்னு நெனச்சா அதுவும் இல்ல. ரேபிஸ் ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து, ஐரோப்பிய யூனியன் அங்கீகரிச்ச லேப்ல ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி 0.5 யூனிட்டாவது வரணும், ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். பூனை கெளம்ப ஆகஸ்ட் ஆயிடுச்சு. அதுவரைக்கும் வளத்த தம்பியோட அம்மா, போலந்துல மத்தி மீன் கிடைக்குமான்னு என்கிட்ட மூணு தடவை கேட்டாங்க.