மலை நகராட்சி பட்ஜெட்டில் எந்தப் பத்தியைப் பார்ப்பது?

நகராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். மார்ச் வந்துவிட்டால் உதகையிலும் குன்னூரிலும் தெரிந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எங்கள் வார்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?" போன ஆண்டு ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று யாரும் கேட்பதில்லை.

பட்ஜெட் புத்தகத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. ஒவ்வொரு வரவு செலவு இனத்துக்கும் எதிரே முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று பத்திகள், அதாவது நெடுவரிசைகள் இருக்கும். பத்திரிகையில் வருவது கடைசிப் பத்தி. என் கண் முதலில் போவது முதல் பத்திக்கு. மழைநீர் வடிகாலுக்கு மதிப்பீடு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போய், உண்மைச் செலவு மட்டும் படுத்தே கிடந்தால், பணமில்லை என்று சொல்வதை நான் எளிதில் நம்பமாட்டேன். பெரும்பாலும் கோளாறு காலண்டரில் இருக்கும்.

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. நீலகிரியில் அது சுற்றுலா சீசன். மலர்க் கண்காட்சி முடியும்வரை சாலையைத் தோண்ட வியாபாரிகளும் விடமாட்டார்கள், போக்குவரத்துப் போலீசாரும் விடமாட்டார்கள். ஜூனில் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அது ஓய்வதற்குள் இரண்டாவது சீசன். அக்டோபர் முதல் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை. மண் வேலைக்கு மலை நமக்கு விட்டுவைப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான். கணக்கை முடித்து, மானியம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்று அனுப்ப வேண்டிய நெருக்கடியும் அப்போதுதான்.

ஒரு தடுப்புச் சுவர்க் கோப்பு நினைவுக்கு வருகிறது. எந்த ஊர் என்பது வேண்டாம். பணம் ஏப்ரலிலேயே இருந்தது. வேலைக்கான செலவு மதிப்பீடு ஜூலையில், தொழில்நுட்ப அனுமதி செப்டம்பரில். முதல் டெண்டருக்கு ஆள் வரவில்லை. மறு டெண்டர் முடிந்து பணி ஆணை கைக்கு வந்தபோது பிப்ரவரி பாதி போய்விட்டது. முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் அடித்தளம், சுவர், மண் நிரப்பல் எல்லாவற்றுக்கும் மார்ச் கடைசி வாரத் தேதிகள். நீர் வடியும் துளைகளை எண்ணி எழுதியிருந்தார்கள். சுவருக்குப் பின்னால் கல் நிரப்பியதற்கு அளவே இல்லை. மலையில் சுவரைத் தள்ளுவது மண்ணோடு சேர்ந்து பின்னால் தேங்கும் தண்ணீர். அந்தக் கல்லடுக்கு இல்லாவிட்டால் துளைகள் வெறும் அலங்காரம். அவசரத்தில் விடுபடுவது எப்போதும் மண்ணுக்குள் மறையும் வேலைதான். 2009 நவம்பர் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் இது.

மழைக்காலத்தில் மண்ணைத் தோண்ட முடியாது, சரி; கோப்பை நகர்த்த முடியாதா? ஜூன், ஜூலையில் அனுமதிகளையும், அக்டோபருக்குள் டெண்டரையும் முடித்தால் ஜனவரி முதல் வாரத்தில் வேலை தொடங்கலாம்.

எந்தப் பணத்தைக் கேட்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021-26 காலத்துக்கு மத்திய அரசு தரும் 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிப்போடப்பட்டது. அப்படிக் கட்டிப்போட்ட பணத்தைக் காட்டித் தடுப்புச் சுவர் கேட்டால் நடக்காது. பராமரிப்புக்குப் பெரும்பாலும் சொத்து வரியும் கடை வாடகையும்தான் கைகொடுக்க வேண்டும். இன்னொன்று: மானியப் பங்கீட்டில் மக்கள்தொகை முக்கிய அளவுகோல். 2011 கணக்கெடுப்பின்படி உதகையில் 88,430 பேர். சீசன் வார இறுதியில் நாளொன்றுக்கு 8,000 வண்டிகள் வரை வரலாம் என்று 2025-இல் உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அத்தனை பேர் போட்டுவிட்டுப் போகும் குப்பை எந்தக் கணக்கெடுப்பிலும் வராது.

வார்டு அளவில் மக்கள் கோரிக்கை வைக்கும் இடங்களான வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-இலேயே விதிகள் வந்துவிட்டன. வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு தயாராகும் குளிர்காலத்துக்கு முன்பே உங்கள் கோரிக்கை அங்கே எழுத்தில் பதிவாக வேண்டும். மார்ச் கூட்டத்தில் எழுந்து பேசினால் கைதட்டல் கிடைக்கும். நடப்பாண்டு வேலைக்கு, நவம்பரில் கவுன்சிலரிடம் பணி ஆணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். வேலை முடிந்ததும் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்கலாம். வேலையை நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. சுவர் என்றால், கல் நிரப்பிய அளவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.