‘பெரிய மீன் ஒதுங்கியிருக்கு’ என்று ஃபோன் வந்தால்

“சார், பெரிய மீன் ஒண்ணு ஒதுங்கிக் கிடக்கு.” மன்னார் வளைகுடாக் கரையில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நான் உடனே கேட்பது: மூச்சு விடுதா? வால் படுக்கையாக இருக்கா, செங்குத்தாக இருக்கா?

‘ஒதுங்கியது’ என்ற சொல் செத்ததற்கும் பொருந்தும், உயிரோடு கிடப்பதற்கும் பொருந்தும். அதனால்தான் முதல் கேள்வி. வால் செங்குத்து என்றால் மீன். திமிங்கலச் சுறாவாக இருக்கலாம். பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அது செவுளால் மூச்சு விடும் சுறாதான். வால் தட்டையாகப் படுத்திருந்தால் பாலூட்டி. திமிங்கலம், ஓங்கில் (டால்பின்), கடற்பன்றி (போர்பாய்ஸ்) மூன்றுக்கும் மூச்சு விடும் ஊதுதுளை தலை உச்சியில் இருக்கும். ஆவுளியாவுக்கும் (கடற்பசு) வால் தட்டைதான், ஆனால் மூக்கு முகத்தின் நுனியில். எங்கள் பக்கம் ஆவுளியாவையே ‘கடல்பன்னி’ என்பவர்களும் இருப்பதால் மூக்கையும் விசாரித்துவிடுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உயிரோடு ஒதுங்கிய ஓர் ஓங்கிலைப் பார்க்க ஓடினேன். நான் போவதற்குள் ஊர்ப் பையன்கள் குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு அதன் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மீன் என்றால் தண்ணீர் இல்லாமல் செத்துவிடுமே என்ற பதைப்பு. ஊதுதுளை திறக்கும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே இறங்கியது. உடற்கூறாய்வில் மூச்சுக்குழாய்க்குள் மணலும் நுரையும் இருந்தன. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ‘இது நம்ம மாடு மாதிரி மூச்சு விடுற உயிர்’ என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தத் துளைக்குள் தண்ணீர் போகாமல் அவர்களே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதிகம் பெயர் குழம்புவது கடற்பன்றிதான். இந்தியக் கடலில் இருப்பது ஒரே வகைக் கடற்பன்றி. அதற்கு முதுகுத் துடுப்பு கிடையாது, ஓங்கில் போல நீண்ட மூக்கும் கிடையாது. ஓங்கிலின் பல் கூம்பு, இதன் பல் சின்ன மண்வெட்டி போலத் தட்டை. நன்றாக வளர்ந்ததே ஒன்றரை மீட்டர் அளவுதான். உருண்டைத் தலையைப் பார்த்துவிட்டு ‘குட்டித் திமிங்கலம்’ என்பார்கள்; தாய் கடலில் தேடும் என்று திரும்பத் தள்ளிவிடுவார்கள். உண்மையில் அது வயதான, நோயுற்ற விலங்காக இருக்கலாம். தள்ளிவிட்டது மறுநாள் பக்கத்து ஊரில் பிணமாக ஒதுங்கும்.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரையேறின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துப் போய் ஆழத்தில் விட்டும் பல திரும்பி வந்தன. 40-க்கும் மேற்பட்டவை இறந்தன. பெயர் திமிங்கலம் என்றாலும் அவை ஓங்கில் குடும்பம். கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. அதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியிருக்கின்றன. இதைத் ‘தற்கொலை’ என்று எழுதுவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் நோயா, காயமா, திசை தவறியதா என்று யாரும் தேட மாட்டார்கள்.

உயிரோடு இருந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். வயிறு தரையில் படும்படி நிமிர்த்தி, பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைப் பறித்துவிடுங்கள். ஊதுதுளையை விட்டுவிட்டு மற்ற இடங்களில் ஈரத்துணி போடுங்கள். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பால் வெயிலில் உடம்பு கொதித்துவிடும். கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். மூச்சுக்காற்று உங்கள் முகத்தில் படவிடாதீர்கள், நோய் தொற்றலாம்.

வலைக்காரர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். இந்த விலங்குகள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பதால், கடலில் மிதக்க விடும் வழிவலையில் தானாகச் சிக்கிச் செத்ததைக்கூட வழக்குக்குப் பயந்து வெட்டி ஆழத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெட்டாத உடலில்தான் மூக்கிலும் துடுப்பிலும் வலை நூல் பதிந்த கோட்டைப் பார்த்து, எப்படிச் செத்தது என்று சொல்ல முடியும். கடற்பன்றியின் சாம்பல் நிறத் தோல் செத்தபின் கறுத்துவிடும். அதன் மேல் அந்தக் கோடு நாளாக ஆக மங்கிப்போகும். அன்றைக்கே சொல்லுங்கள்.