கல்வெட்டில் பெயர் இருக்கிறது, கம்பத்தில் வெளிச்சம் இல்லை

சென்ற மாதம் ஓர் ஊராட்சியில் 22 சூரிய ஒளித் தெருவிளக்குகளைப் பரிசோதித்துத் தருமாறு அழைத்திருந்தார்கள். அவற்றில் எரிந்தவை ஐந்து. முதல் கம்பத்தில் ஏணியைச் சாத்திப் பேட்டரிப் பெட்டியைத் திறக்கப் போனபோதுதான், சாவி முன்னாள் தலைவர் வீட்டில் இருப்பது தெரிந்தது. ஆள் அனுப்பி அது வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டிக்குள் ஒரு குளவிக்கூடு. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய் உப்புப் பூத்திருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தால் ஈயத் தகடுகள் நீரின்றி வறண்டு நின்றன. வெயிலை மின்சாரமாக்கும் பேனலின் முனைகளில் மீட்டரை வைத்தேன், 20 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதன் கீழே இருந்த 12 வோல்ட் பேட்டரியோ 7 வோல்ட்டைத் தாண்டவில்லை.

சாவியோடு முன்னாள் தலைவரே வந்திருந்தார். "என்ஜினியர் சார், பேனலுக்கு 25 வருஷம் கேரண்டி என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? ஏழு வருஷம்கூட ஆகவில்லையே!" என்றார். நல்ல மனிதர், ஊருக்கு வெளிச்சம் வரவேண்டும் என்று உண்மையாகவே அலைந்தவர். ஆனால் இதே கேள்வி இந்த ஆண்டில் நான்காவது ஊரில் என் காதில் விழுகிறது என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஊராட்சித் தலைவர்களே, 25 ஆண்டு என்பது பேனலுக்கு மட்டுமே. அதுவும் 25 ஆண்டு முடிவில் தொடக்கத்தில் தந்த மின்சாரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தரும் என்ற உறுதிமொழியே தவிர, விளக்கு எரியும் என்ற உறுதிமொழி அன்று. விளக்கு இரவில் எரிவது பேட்டரியால். ஈய-அமிலப் பேட்டரி நன்றாகப் பராமரித்தால் நான்கைந்து ஆண்டுகள் உழைக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டால் இரண்டே ஆண்டில் படுத்துவிடும். அதாவது ஒரு பேனலின் ஆயுளுக்குள் குறைந்தது நான்கு முறையாவது பேட்டரி மாற்றியாக வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் எண்ணிக்கை குறையும், ஒருமுறைச் செலவு கூடும். கார் வாங்கியவர் டயர் தேயாது என்று நம்புவதில்லை. மோட்டார் வைத்த விவசாயி காயில் எரியாது என்று நினைப்பதில்லை. சூரிய ஒளி என்றதும் மட்டும் எப்படியோ எல்லோருக்கும் தேய்மானம் மறந்துபோகிறது. வெயில் இலவசம் என்பது உண்மைதான், ஆனால் வெயிலை இரவு வரைக்கும் பிடித்து வைத்திருக்கும் பெட்டி இலவசமில்லை.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரு பேட்டரி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22 விளக்குகளுக்கு 1,76,000 ரூபாய். ஐந்தாண்டுகளில் பிரித்தால் மாதம் 3,000 ரூபாய்க்கும் குறைவு. இந்தத் தொகையை ஒதுக்கும் தீர்மானம் விளக்கு நட முடிவெடுத்த அதே கிராம சபையில் நிறைவேறியிருந்தால் அந்தத் தெருக்கள் இருண்டிருக்க மாட்டா.

இதற்கு நேர்மாறான ஊர் நம்மிடமே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையில் 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்த ஆர். சண்முகம், குடிநீர் இறைக்கவும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துக் கணக்கிலிருந்து தொடங்கினார். முதலில் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் சிறு இயந்திரத்தை முயன்று பார்த்தார்கள். பிறகு 2006-இல், ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே நிறுவினார்கள். அதை நிறுத்திய இடம் ஓடந்துறை அன்று; காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம். ஊருக்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளக்கூட வழியில்லாத காற்றாலை அது! ஆனால் ஊரின் தேவைக்கு மேல் உற்பத்தியான மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனையாகி, கடனை அடைக்க உதவியது. கடன் தவணை இருந்ததால் இயந்திரம் ஓடுகிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டிய கட்டாயமும் இருந்தது என்று நான் நினைக்கிறேன். இனாமாக வந்த பொருளை அப்படி யாரும் பார்ப்பதில்லை.

பீகாரின் ஜெகனாபாத் மாவட்டத்துத் தர்னை கிராமமும் நினைவில் வைக்க வேண்டியது. 2014-இல் 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பு பெரும் விழாவோடு அங்கே தொடங்கியது. முன்னாள் முதலமைச்சர் வந்தபோது மக்கள் "அசல் மின்சாரம்", அதாவது மின்வாரிய மின்சாரம், வேண்டும் என்று கேட்டார்கள். வாரியத்தின் மின்சாரம் மலிவாக வந்தது, சூரிய மின்சாரத்துக்குக் காசு கட்டுவோர் குறைந்தனர், பேட்டரிகள் செத்தன, மாற்ற ஆளில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் மாடு கட்டினார்கள். தொழில்நுட்பம் அங்கே தோற்கவில்லை. பேட்டரி யார் பொறுப்பு, எந்தப் பணத்தில் என்பதற்குத்தான் பதில் இல்லாமல் போயிற்று.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக் கூரையில் பேட்டரி இல்லாமல் வாரிய மின்கம்பியோடு இணைந்தே ஓடும் ஆன்-கிரிட் அமைப்பைப் போட்டுவிட்டு, கரண்ட் போனபோது மின்விசிறி ஓடவில்லை என்று ஒப்பந்ததாரரோடு சண்டைக்குப் போகிறார்கள். வாரிய மின்சாரம் நின்றால், பேனலின் மின்சாரத்தை மின்விசிறிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றே ஆக வேண்டும். நிற்காவிட்டால், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தொழிலாளி உயிரோடு இறங்க மாட்டார். அதேபோல் 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம், அதாவது 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாயும், வீடுகளுக்கானது. ஊராட்சி அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் அதைக் காட்டி வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆகவே, கையெழுத்துப் போடுமுன் பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர் ஒவ்வொன்றுக்கும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாத விலைப்புள்ளியைத் தூக்கி எறியுங்கள், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. கம்பம் நடும் இடத்தை மாலை நான்கு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தென்னை நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். பேனலைத் துடைக்க ஒரு ஆளுக்குப் பெயர் குறித்துப் பொறுப்புக் கொடுங்கள், "எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றால் ஒருவரும் பார்க்கப் போவதில்லை. செத்த பேட்டரியைக் காயலான் கடையில் போட்டு அமிலத்தை வாய்க்காலில் கொட்டவிடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்று விளக்குப் போட்டுவிட்டு ஈயத்தைக் கிணற்றுக்கு அனுப்புவது என்ன நியாயம்?

தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பொறுப்பை ஒப்படைத்தவர்களில் எத்தனை பேர் பெட்டிச் சாவிகளையும் உத்தரவாதத் தாள்களையும் ஒப்படைத்தீர்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டு அலமாரியில் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

நான் போன ஊரில் 17 பேட்டரிகளுக்கு மதிப்பீடு தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். முன்னாள் தலைவர் அன்றே சாவிக் கொத்தை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்தார். அது இப்போது அலுவலகச் சுவரில், விளக்கு எண் எழுதிய அட்டையோடு ஆணியில் தொங்குகிறது.