எந்த நம்பரில் வைப்பது?

டயல் வைத்த சேஃப்டி ரேசரைக் கையில் எடுத்ததும் நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் எவரும் கேட்பது, “எந்த நம்பர்ல வெச்சா நல்லா இருக்குங்க?” என்றுதான். இரண்டில் தொடங்குங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த டயல் என்ன செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் நம்பரை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

பிளேடு விளிம்புக்குக் கீழே ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். டயலைத் திருப்பினால் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறும்; நம்பர் கூடினால் இடைவெளி அகலும், குறைந்தால் குறுகும். மாறுவது மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான். ஆனால் தாடி முடியின் தடிமனே சுமார் 0.1 மி.மீ., பிளேடின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த அளவில் பார்த்தால் இது பெரிய மாற்றம்.

தோல் தட்டையாக நிற்பதில்லை. ரேசரை அழுத்தினால் இடைவெளிக்குள் பிதுங்கும். இடைவெளி அகலமானால் பிதுக்கமும் கூடும், பிளேடு முடியோடு தோலையும் சீவிவிடும். இடைவெளி குறுகினால் காயம் குறையும். ஆனால் நீண்ட முடியும் நுரையும் போக வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். மாலை போட்டு வளர்த்த தாடியைச் சின்ன நம்பரில் எடுக்கப் போனால் இழுத்து வலிப்பது இதனால்தான். முதலில் கத்திரியால் குறைத்து, பெரிய நம்பரில் ஒரு முறை ஓட்டி, அப்புறம் நம்பரை இறக்கி மறுமுறை ஓட்டுங்கள்.

1950களின் கடைசியில் வந்த ஜில்லெட் டயல் ரேசரில் 1 முதல் 9 வரை எண்கள். மெர்க்கூர் ஃபியூச்சர் என்ற டயல் ரேசரில் 6 வரைதான். ஒன்றின் 3 இன்னொன்றின் 3 ஆகாது, அதனால் நண்பர் சொல்லும் நம்பர் உங்களுக்கு உதவாது.

டயலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர். இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறிய முடியை அறுக்க, காய்ந்த முடிக்கு வேண்டியதைவிட நன்றாகவே குறைந்த விசை போதும். சிறுவாணித் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும். போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திப்பியாகிவிடும், நுரை நிற்காது. நுரை இல்லாத தோலில் ரேசர் வழுக்காது. நாம் டயலைச் சந்தேகப்பட்டு நம்பரைக் கூட்டுவோம், கையும் தானாக அழுத்தும். உப்புத் தண்ணி வரும் வீடென்றால் குடிக்கப் பிடித்த நல்ல தண்ணியில் ஒரு டம்ளர் எடுத்து நுரை குழைத்துப் பாருங்கள்.

நம்பரைத் தேடும் நாட்களில் பிளேடு பிராண்டை மாற்ற வேண்டாம்; எது எதனால் என்று புரியாது. அழுத்தாமல் ஓட்டியும் கன்னத்தில் சொரசொரப்பு மிஞ்சினால் ஒரு நம்பர் ஏற்றுங்கள். கன்னம் வழவழவென்று வந்து கழுத்து மட்டும் எரிந்தால், கழுத்துக்கு இறங்கும்போது ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.