உப்பைப் பிடித்து வைக்கும் சிமெண்ட்

கடலோரக் கட்டடத்தில் துளைத்தெடுத்த கான்கிரீட் உருளையை நீளவாக்கில் பிளந்து, உடைந்த முகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தெளித்தால் சிறிது நேரத்தில் ஒரு கோடு தெரியும். கடலைப் பார்த்த பக்கம் வெளுக்கும், உட்பக்கம் பழுப்பாகும். வெளுத்த இடம் வரை உப்பிலுள்ள குளோரைடு வந்துவிட்டது. அங்கிருந்து கம்பிக்கு இன்னும் எத்தனை மில்லிமீட்டர்?

இறுகிய சிமெண்ட் கல் போலத் தெரிந்தாலும் உள்ளே இட்லிதான். துளைகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாதவை. கலவையில் அதிகப்படியாக ஊற்றிய தண்ணீர் விட்டுச்சென்ற இடங்கள் அவை. அவற்றில் தேங்கிய நீர் கடும் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம்தான் கம்பியின் மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலத்தைக் காக்கிறது. குளோரைடு அயனிகள் அதே நீர் வழியே, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு விரவுகின்றன. கம்பியைத் தொட்டு, போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் படலத்தை உடைக்கின்றன. துரு இரும்பைவிடப் பருமன் மிகுந்தது. காரை பிளந்து விழுவது அதனால்தான்.

வழியெல்லாம் வளைவு நெளிவு என்பதால் பயணம் மெதுவாக நடக்கிறது. அதோடு, சிமெண்டே வழிமறிக்கிறது. அதிலுள்ள அலுமினேட் என்ற அலுமினியச் சேர்மம் குளோரைடைப் பிடித்து, 'ஃபிரீடல் உப்பு' என்ற படிகமாக மாற்றிக்கொள்கிறது. சிமெண்டுக்கு வலுத் தரும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்டும் தன் பரப்பில் கொஞ்சம் ஒட்டவைத்துக்கொள்கிறது. சிக்கியது கம்பியைத் தொடாது. கட்டற்றுத் திரிவதுதான் ஆபத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலோரம் என்றாலே, கான்கிரீட்டைச் சிதைக்கும் சல்பேட் உப்புகளைத் தாங்கும் 'சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட்'தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் அலுமினேட்டைக் குறைத்துத்தான் தயாரிக்கிறார்கள். சல்பேட்டுக்கு அது சரி. குளோரைடைப் பிடிக்க ஆள் குறைகிறது. கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு இரும்பு உலையில் மிஞ்சும் கசடு கலந்த சிமெண்டையே நான் சொல்வேன். அது நுண்துளைகளைச் சுருக்குகிறது, குளோரைடைப் பிடிக்க உதவும் அலுமினாவும் கூடுதல்.

பிடிபட்டது நிரந்தரமாகவும் அடங்கிக் கிடப்பதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து காரத்தன்மையைக் குறைத்தால் ஃபிரீடல் உப்பு சிதைந்து, சிறைப்பட்ட குளோரைடு மீண்டும் நடமாடத் தொடங்கும்.

விரவலில் தூரம் இரட்டிப்பானால் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வரைபடத்தில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் கேட்டிருப்பார்கள். கம்பியை அச்சுப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் கவர் பிளாக் தீர்ந்துபோனதென்று கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் செருகி, அது 20 மில்லிமீட்டராகிவிட்டால், உப்பு கம்பியை எட்டும் காலம் ஆறில் ஒரு பங்குதான்.