மறதிக்கு 20 வருடம் முன்னால்

அல்சைமர் வந்திருக்கிறது என்று ஒருவரிடம் டாக்டர் சொல்லும்போது, அந்த நோய் அவர் மூளைக்குள் குடியேறி ஏற்கனவே பதினைந்து, இருபது வருடம் ஆகியிருக்கும். பெயர்கள் நழுவுவது, தெரிந்த வழியில் திசை தெரியாமல் நிற்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் ரொம்பத் தாமதமாக வெளியே தெரிகிறவை. சரி, மறதி என்ற பேச்சே இல்லாத அந்த இருபது வருடத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான். இந்த ஆராய்ச்சிக்கு ஏன் அரசுப் பணம் வேண்டும் என்பதற்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மூளை செல்களுக்கு வெளியே அமைலாய்ட் பீட்டா என்கிற புரதத் துணுக்கு திட்டுத் திட்டாகப் படிகிறது. செல்லுக்கு உள்ளே டௌ என்கிற இன்னொரு புரதம் முறுக்கிக்கொண்டு சிக்கு விழுகிறது. பொதுவாக அமைலாய்ட்தான் முன்னால் வரும், அதற்குப் பல வருடங்கள் கழித்து டௌ சிக்கு நினைவுப் பகுதியைத் தாண்டிப் பரவும். டௌ போகிற இடமெல்லாம் செல்கள் சாகும், மறதி தொடங்குவது அதோடுதான். 1906இல் அலோயிஸ் அல்சைமர் தான் முன்பு சிகிச்சை அளித்து, பிறகு இறந்துபோன அகுஸ்தே டெட்டர் என்ற பெண்ணின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது இரண்டையுமே பார்த்துவிட்டார். ஆனால் அவர் பார்த்தது முடிந்துபோன நிலை. தொடக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் உயிரோடு, நல்ல நினைவோடு இருக்கிற ஆட்களிடம் பார்க்க வேண்டும், அதில் யாருக்கு நோய் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவும் வேண்டும். அது எப்படி முடியும்?

முடிகிற குடும்பங்கள் உலகத்தில் சில இருக்கின்றன. மிக அரிதாக, ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளிலேயே அல்சைமர் வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு சரிபாதி வாய்ப்பு. வந்துவிட்டால் நோய் கிட்டத்தட்ட நிச்சயம், அதுவும் பெரும்பாலும் பெற்றவருக்கு வந்த வயதை ஒட்டியே வரும். ஆக அம்மாவுக்கு 46 வயதில் ஆரம்பித்தது என்றால், இன்று 26 வயதாக இருக்கும் மகள் மறதிக்கு 20 வருடம் முன்னால் நிற்கிறாள் என்று கணக்குப் போடலாம். அந்த மாற்றம் வராத அண்ணனையோ தங்கையையோ பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. இந்த யோசனையை வைத்து 2008இல் அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் நிதி கொடுக்க, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமையில் டயன் என்ற ஆய்வு தொடங்கியது. 2012இல் வந்த முதல் பெரிய முடிவு 128 பேரை வைத்துத்தான். மறதி எதிர்பார்க்கப்படும் வயதுக்கு 25 வருடம் முன்பே முதுகுத் தண்டு நீரில் அமைலாய்ட் அளவு மாற ஆரம்பிக்கிறது. 15 வருடம் முன்பு மூளையில் அது படிவது பெட் (PET) என்கிற ஸ்கேனில் தெரிகிறது. 10 வருடம் முன்பு மூளை சர்க்கரையைப் பயன்படுத்துவது குறைகிறது, நுட்பமான நினைவுச் சோதனைகளில் சறுக்கல் தெரிகிறது. இவ்வளவு தெளிவான காலவரிசை அதற்கு முன் யாரிடமும் இல்லை.

அந்த ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர்களில் பலர் தங்களுக்கு அந்த மரபணு வந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவே விரும்புவதில்லை. ஆனாலும் ஊசியால் முதுகுத் தண்டு நீர் எடுக்கவும், ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவும், மணிக்கணக்கில் ஞாபகச் சோதனைகளுக்கு உட்காரவும் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு மருந்துக்கான காப்புரிமையே 20 வருடம்தான், விண்ணப்பித்த நாளிலிருந்து. நோயும் 20 வருடம் எடுத்துக்கொள்கிறது. வரும் நோய்க்கு இருபது வருடம் காத்திருந்து கணக்குப் பார்க்கும் ஆய்வுக்கு எந்த கம்பெனி முதலீடு செய்யும்? கம்பெனிகளைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற, அமைலாய்டைத் தாக்கி நீக்கும் லெக்கனெமாப் மருந்தின் பெரிய சோதனையை 1,795 பேரிடம் நடத்தியது கம்பெனிப் பணம்தான், அதில் 18 மாதத்தில் நோயாளிகளின் சரிவு 27 சதவீதம் குறைந்தது. (சரிவு நிற்கவில்லை, மெதுவானது. மூளை வீக்கம், ரத்தக்கசிவு என்கிற ஆபத்துகளும் உண்டு.) ஆனால் அந்த மருந்து எதைத் தாக்க வேண்டும் என்று காட்டிய மரபணு வேலை, உயிருள்ள மூளையில் அமைலாய்டைப் பார்க்கவைத்த ஸ்கேன் சாயம், இவற்றின் பின்னால் எல்லாம் பல்கலைக்கழக ஆய்வகங்களும் பொதுப்பணமும் இருக்கின்றன. டௌ சிக்கின் வடிவத்தை அணு அணுவாக 2017இல் படம் பிடித்ததும் கேம்பிரிட்ஜில் உள்ள ஒரு அரசு நிதி ஆய்வகம்தான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, யாருக்கும் லாபம் தராத கேள்விகள். பிரஷரை 140க்குக் கீழே வைத்தால் போதுமா, 120க்குக் கீழே கொண்டுவந்தால் மூளைக்கு நல்லதா? பிரஷர் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, விடை என்னவாக இருந்தாலும் அதில் யாருக்கும் கோடிகள் வரப்போவதில்லை. அமெரிக்க அரசு நிதியில் 9,361 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2019இல் வந்த விடை: 120க்குக் கீழ் இலக்கு வைத்தவர்களுக்கு, டிமென்ஷியாவுக்கு (அல்சைமர் போன்ற நோய்களால் அன்றாட வாழ்க்கையே தடுமாறும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் சரிவது) முந்தைய படியான லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைவு. டிமென்ஷியாவும் குறைந்த மாதிரித்தான் தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. இதயத்துக்குக் கிடைத்த நன்மை தெளிவாகத் தெரிந்ததால் சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள், அதனால் வந்த குறை அது.

இன்னொன்று பிரிட்டனின் வேல்ஸ் நாட்டிலிருந்து. அங்கே 2013 செப்டம்பர் 1 அன்று முதியவர்களுக்கு அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. விதி ரொம்ப எளிது: 1933 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தகுதி வரும், அதற்கு முன்னால் பிறந்து 80 வயதைத் தொட்டுவிட்டவர்களுக்குக் கடைசி வரை கிடையாது. யோசித்துப் பாருங்கள், ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்த இரண்டு பேருக்கு இடையில் உணவிலோ படிப்பிலோ உடம்பிலோ என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடும்? ஒன்றும் இல்லை. ஆனால் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் ஒரு பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம், மறுபக்கம் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வழக்கமான ஒப்பீட்டில் இதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் தானாக வந்து தடுப்பூசி போட்டுக்கொள்கிறவர்கள் பொதுவாக உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களாகவும் இருப்பார்கள், எது எதனால் என்று பிரிக்க வராது. இங்கே அந்தப் பிரிப்பைப் பிறந்த தேதியே செய்துவிட்டது. பொது மருத்துவப் பதிவேடுகளை ஏழு வருடத்துக்குப் பின்தொடர்ந்து, தடுப்பூசி போட்டவர்களுக்கு டிமென்ஷியா ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2025இல் வெளியிட்டார்கள். அந்தப் பழைய தடுப்பூசி பல நாடுகளில் இப்போது புழக்கத்திலேயே இல்லை. அதை மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் பொதுப்பணமோ நன்கொடையோதான் கைகொடுக்க வேண்டும்.

அரசுப் பணம் என்றால் எல்லாமே சரியாக நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2006இல் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு அமைலாய்ட் கட்டுரை, படங்களில் கைவைத்திருந்தது தெரிந்து 2024இல் திரும்பப் பெறப்பட்டது. 18 வருடம், எத்தனை பேர் அதை நம்பி வேலை செய்திருப்பார்கள்! வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இந்த நோய்க்கான அரசு நிதி 2011இல் ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கும் கீழே இருந்தது, 2023 வாக்கில் டிமென்ஷியா வகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 350 கோடியைத் தாண்டியது. ரத்தப் பரிசோதனையிலேயே அமைலாய்ட் இருக்கிறதா என்று கணிக்கும் முறை 2025 மே மாதம் அங்கே அனுமதி பெற்றது நிதி இப்படி உயர்ந்த பிறகுதான்.

அந்த ரத்தப் பரிசோதனைக்குப் பின்னாலும் ஒரு காத்திருப்பு உண்டு. 1987இல் இதய நோயை ஆராய்வதற்காக அமெரிக்காவின் நான்கு பகுதிகளில் பதினைந்தாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்து ஏரிக் என்ற ஆய்வு அரசு நிதியில் தொடங்கியது. 1990களில் அவர்களிடம் எடுத்த ரத்தத்தை உறைபெட்டியில் வைத்தார்கள். அல்சைமரின் தடயத்தை ஒரு துளி ரத்தத்தில் அளக்கும் கருவி அன்று யாரிடமும் கிடையாது. முப்பது வருடம் கழித்துக் கருவி வந்ததும் அதே குழாய்களை வெளியே எடுத்து, நடுவயதில் இருந்த அளவு பிற்காலத்தில் எப்படி மாறியது, யாருக்கு டிமென்ஷியா வந்தது என்று பொருத்திப் பார்க்க முடிந்தது. இடையில் ஏதோ ஒரு வருடம் நிதி நின்று உறைபெட்டிகளைக் காலி செய்திருந்தால் அவ்வளவுதான். இன்றைக்கு எவ்வளவு பணம் கொட்டினாலும் 1993ஆம் வருடத்து ரத்தத்தை யாரிடமிருந்தும் எடுக்க முடியாது.